சிரட்டைத் தண்ணீர்

என் வீட்டுப் பரணில் ஒரு கூடாரம் இருக்கிறது. ஆரஞ்சு நிறம். நாலு பேர் படுக்கலாம் என்று அதன் உறையில் எழுதியிருக்கும். எழுதியவர்கள் எங்கள் மேனேஜரின் உடம்பைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு போகிக்கும் பரணைச் சுத்தம் செய்யும்போது மனைவி அதைக் கீழே இறக்கி, ‘‘இதை யாருக்காவது குடுத்துடலாமா?’’ என்பாள். நான் உதறிவிட்டு மறுபடி மேலே ஏற்றிவிடுவேன். உதறும்போது இன்றைக்கும் கொஞ்சம் மணல் விழும். இத்தனை வருஷமாக அது எந்த மடிப்பில் ஒளிந்திருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

2007-ம் வருஷம் பிப்ரவரியில் அந்தக் கூடாரத்தோடு நாங்கள் நாலு பேர் ஐந்து நாள் சுற்றினோம். தனுஷ்கோடியில் ஆரம்பித்து மணப்பாடு வரை, மன்னார் வளைகுடாவின் கரையை ஒட்டியே. நாலு பேரும் மதுரையில் ஒரே விடுதியில், ஒரே அறையில் கிடந்தவர்கள். ஒருவன் வங்கியில் மேனேஜர். ஒருவன் கோவையில் பௌதிக வாத்தியார். ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். அவன் பெயரே எங்களுக்குள் சிங்கப்பூர் ஆகிவிட்டது. நான் எழுதிப் பிழைக்கிறவன். விடுதி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, வேலை கிடைத்ததும் கடலோரமாகவே ஒரு பயணம் போகவேண்டும் என்று பேசியிருந்தோம். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், மேனேஜருக்குச் சர்க்கரையும் வந்தது. பயணம் மட்டும் வரவில்லை.

அந்த வருஷம் விடுமுறைக்கு வந்த சிங்கப்பூர், பெட்டியோடு இந்தக் கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ‘‘அங்கெல்லாம் சனி, ஞாயிறு வந்தா குடும்பத்தோட பீச்ல டென்ட் போட்டுப் படுப்பாங்கடா’’ என்றான். மேனேஜர் உடனே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்தில் ‘வரவு செலவு’ என்று எழுதினான். வாத்தியார் வயிற்றுவலிக்கும் பூச்சிக்கடிக்கும் மாத்திரை வாங்கினார். (அவனை மட்டும் எப்போதிருந்து ‘ர்’ போட்டுச் சொல்ல ஆரம்பித்தோம் என்று நினைவில்லை. தலை நரைத்ததிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மதுரையில் ஒரு குவாலிஸ் வாடகைக்கு எடுத்தோம். டிரைவர் தம்பிக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசிருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வான். காலையில் எழுந்ததும் தலையில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வழியவழிய வாரிக்கொள்வான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. அவன் சீட்டின் தலைமாட்டில் போட்டிருந்த துண்டு எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப்போயிருந்தது. ‘‘ஏசி போட்டா எண்ணெய் வாடை தூக்குதுடா’’ என்று சிங்கப்பூர் என் காதில் முணுமுணுத்தான். தம்பிக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

முதல் நாள் தனுஷ்கோடி. இன்று அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது, 2017-ல் திறந்தார்கள். அன்று சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலிலும் தேங்கிய தண்ணீரிலும் ஏறி இறங்கி ஓடும் வேன்கள்தான். இடது பக்கம் கிடக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்கிறார்கள், வலது பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்கிறார்கள். சாதுவாக இருப்பது பெண் கடலாம். ‘‘பேர் வச்சவனுக்குக் கல்யாணம் ஆகலை போல’’ என்றான் மேனேஜர்.

இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் எலும்புக்கூடு, எல்லாவற்றையும் பார்த்தோம். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் ஊரும் போய், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு போய்விட்ட கதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அந்த இடிபாடுகளைவிட எனக்கு அன்று பிடித்துப்போனது வேறொன்று. ஒரு ஓலைக் குடிசைக்குப் பின்னால், கடலிலிருந்து கூப்பிடுதூரத்தில், மணலில் ஒரு குழி. இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. சரியாமலிருக்க அடி இல்லாத பீப்பாய் ஒன்றை இறக்கியிருந்தார்கள். குடிசையிலிருந்த பெண் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு கொடுத்தாள். வாயில் வைத்தால் இளநீர் மாதிரி இனிப்பு. நாலு பக்கமும் உப்பு, நடுவில் இது எப்படி?

வாத்தியார் அங்கேயே வகுப்பெடுத்துவிட்டார். மழைத் தண்ணீர் மணலில் இறங்குகிறது. அடியில் இருப்பது கடல் தண்ணீர். நல்ல தண்ணீரைவிட அது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் கூட. அதனால் நல்ல தண்ணீர் கீழே போகாமல், பாலின் மேல் ஆடை மாதிரி மெல்லிசாக மிதந்துகொண்டு நிற்கும். ஆழமாகத் தோண்டினால் ஆடை கிழிந்து உப்பு மேலே வந்துவிடும். அவசரப்பட்டு மொத்தமாக இறைத்தாலும் அப்படித்தான். அதனால்தான் வாளி போடாமல் சிரட்டை. நான் நோட்டில் இதையெல்லாம் எழுதிக்கொண்டேன். படமும் எடுத்துக்கொண்டேன். இதை இங்கே ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டோம் என்று பின்னால் எங்களால் சொல்ல முடியாது. அதற்காகத்தான்.

அன்றிரவு ராமேஸ்வரத்தில் லாட்ஜ். மறுநாள் பாலத்தைத் தாண்டி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகத் தெற்கே இறங்கினோம். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக, கடலுக்குள் வரிசையாகத் தீவுகள். மொத்தம் 21. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்ததால் அவற்றில் இறங்கித் தங்க முடியாது. சிங்கப்பூருக்கு எப்படியாவது ஒரு தீவில் கூடாரம் போட்டுவிட வேண்டுமென்று ஆசை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, ‘‘இருக்கிறதையாச்சும் விட்டு வைங்க சார்’’ என்றார். அப்போதுதான் தெரிந்தது, அந்த 21-ல் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி. சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டிவெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லை. தீவு கரைந்துபோனது.

இரண்டாவது ராத்திரி வாலிநோக்கம் பக்கம், உப்பளங்களைத் தாண்டி ஒரு மணல்மேட்டில் கூடாரம் அடித்தோம். அன்றைக்கு எங்கள் கூடாரத்தைப் பார்க்க வந்த கூட்டத்தைத் திருவிழாவில்கூடப் பார்க்க முடியாது. பிள்ளைகள் உள்ளே புகுந்து வெளியே வந்து புகுந்து வெளியே வந்து ஜிப்பை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் தள்ளி நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘‘என்ன தம்பி, வீட்ல எதுவும் சண்டையா?’’ என்றார். பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அக்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். முந்தின வருஷம் முழுக்க அகதிகள் படகில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரவில் கடலோரத்தில் நாலு பேர் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மேனேஜர் தன் வங்கி அடையாள அட்டையைக் காட்டினான். அவர்களில் மூத்தவர் அதை டார்ச்சடித்துப் படித்துவிட்டு, ‘‘நல்ல சம்பளம் வாங்குறீங்க, கட்டில் மெத்தை இருக்கும். எதுக்கு சார் இங்க வந்து மணல்ல படுக்குறீங்க?’’ என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எங்கள் நாலு பேரிடமும் அதற்குப் பதில் இல்லை.

மூன்றாவது நாள்தான் அது நடந்தது.

சாயல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊரிலிருந்து ஒரு பர்லாங் தள்ளி, பனைகளும் உடைமரங்களும் நிற்கிற மணல்மேட்டுக்குப் பின்னால் இடம் பிடித்தோம். வத்தையில் அப்போதுதான் வந்திறங்கிய சூடை மீனை முப்பது ரூபாய்க்கு ஒரு பை நிறைய வாங்கினோம். டிரைவர் தம்பிதான் கழுவி, மிளகாய்த்தூள் போட்டுச் சுட்டுக் கொடுத்தான். சாயந்திரம் கடலில் இறங்கியவர்கள் இருட்டும் வரை ஏறவில்லை. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆம்பளைகள், தண்ணீருக்குள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் குதித்தோம். வாத்தியார் சளிக்குப் பயந்து கரையிலேயே உட்கார்ந்து எங்கள் வேட்டிகளுக்குக் காவல் இருந்தார். இருபது வருஷத்தில் அவ்வளவு சிரித்ததில்லை.

ஏறி வந்ததும் உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. எங்களிடம் சாயல்குடியில் வாங்கிய இரண்டு இருபது லிட்டர் கேன்கள்தான். ஒன்று சமையலிலேயே தீர்ந்திருந்தது. இன்னொன்று குடிக்க. டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போன மேனேஜர், ‘‘டேய், இங்க வாங்கடா’’ என்று கத்தினான்.

மணல்மேட்டின் சரிவில் ஒரு குழி. மேலே பனையோலைகளைப் பரப்பி, ஆடு வாய் வைக்காமலிருக்க முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. ஓலையை விலக்கினால் உள்ளே கண்ணாடி மாதிரி தண்ணீர். குழியைச் சுற்றி வரிசையாகக் கற்கள், ஒரு உடைந்த குடத்தின் கழுத்து, ஒரு பழைய செருப்பு. அவை எல்லாம் எதற்கு என்று நாங்கள் யோசிக்கவில்லை. முள்ளை அகற்றியவனுக்கு, ஓலையைத் தூக்கியவனுக்கு, இது யாரோ மூடி வைத்தது என்று தெரியாதா? தெரியும். உப்பு அரிக்கும்போது தெரிகிறதெல்லாம் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேனேஜரும் சிங்கப்பூரும் குழி விளிம்பிலேயே நின்று வாளியால் மொண்டு ஊற்றிக் குளித்தார்கள். ஷாம்பு, சோப்பு எல்லாம். நுரை காலடியில் ஓடி மறுபடி குழிக்குள்ளேயே வழிந்தது. நான் சோப்புப் போடவில்லை, நாலு சொம்பு ஊற்றிக்கொண்டேன். சோப்புப் போடாததை வைத்து என்னை நல்லவன் ஆக்கிக்கொள்ளப் பல வருஷம் முயன்றிருக்கிறேன். டிரைவர் தம்பி அதற்கு முன்பே வண்டியில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

ராத்திரி மூன்று மணி இருக்கும். வெளியே பேச்சுச் சத்தம். கூடாரத்துத் துணியில் வெளிச்சம் அலைந்தது. முதலில் போலீஸ் என்று நினைத்தேன். ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினால், ஏழெட்டுப் பெண்கள். இடுப்பில் குடம், ஒருத்தி கையில் அரிக்கேன் விளக்கு, ஒருத்தி கையில் டார்ச். முன்னால் ஒரு ஆத்தா. எழுபது வயசுக்கு மேலே. கையில் காலியான ஷாம்பு பாக்கெட்.

‘‘ஊத்துல குளிச்சது யாருய்யா?’’

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்றோம். வண்டியிலிருந்து தம்பியும் இறங்கி வந்தான். யாரும் பேசவில்லை. அப்புறம் மேனேஜர் பேசினான்.

‘‘தெரியலைம்மா... டிரைவர்தான் அந்தப் பக்கம் போனான்னு நினைக்கிறேன். தெரியாம குளிச்சிருப்பான். சின்னப் பையன்.’’

அவனைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு அவனை இருபது வருஷமாகத் தெரியும். விடுதியில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஒரு மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்தவன். பயத்தில் வாயில் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் திரண்டால் என்ன ஆகும், விஷயம் போலீசுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம். ஆனால், அவன் சொன்ன பிறகு ‘இல்லை’ என்று சொல்ல அங்கே இன்னும் மூன்று வாய்கள் இருந்தன. அதில் ஒன்று என்னுடையது.

தம்பி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு, ‘‘ஆமா ஆத்தா, நாந்தான்’’ என்றான்.

ஆத்தா பக்கத்தில் வந்து டார்ச்சை வாங்கி அவன் முகத்தில் அடித்தாள். அப்புறம் வெளிச்சத்தை மேலே கொண்டுபோனாள். கையை நீட்டி அவன் தலையைத் தடவி, விரல்களை விளக்கு வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தாள்.

‘‘ஏன்டா, தலையில தேங்கெண்ணெ வழியுது. இந்தத் தலையிலயா சாம்பு போட்ட?’’

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ஆத்தா சிரிக்கவில்லை. டார்ச் வெளிச்சம் எங்கள் மூன்று பேர் தலைமேலும் ஒவ்வொன்றாக ஊர்ந்து போனது. பட்டுப்பட்டாக, பளபளவென்று பறந்துகொண்டிருந்த தலைகள். அன்றைக்கு நின்ற மாதிரி என் வாழ்க்கையில் எந்த ஹெட்மாஸ்டர் முன்னாலும் நின்றதில்லை.

‘‘எந்த ஊருடா நீ?’’ என்று தம்பியைக் கேட்டாள். சொன்னான். ‘‘அங்கிட்டு மட்டும் தண்ணி ஆறா ஓடுதாக்கும்’’ என்றாள். ‘‘எங்கம்மாவும் ஊத்துலதான் ஆத்தா எடுக்குது’’ என்றான் அவன். அந்த மூன்று நாளில் அவனாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் உள்ளே போய் பர்ஸை எடுத்து வந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். ‘‘அம்மா, தப்புதான். தயவுசெஞ்சு இதை வச்சுக்கங்க.’’

‘‘இதக் காச்சிக் குடிக்கவா?’’ என்றாள். ‘‘பாலும் தயிருமா கேட்டோம்? எறச்சு ஊத்துங்க. நொரை போற வரைக்கும் எறச்சு ஊத்துங்க. ஏய், செரட்டையக் குடுங்கடி.’’

சிங்கப்பூர் வாளியை எடுக்கப் போனான். ‘‘வாளி போட்டீகன்னா அடி உப்பு ஏறிரும். அப்புறம் இந்த ஊத்தையே மூடிற வேண்டியதுதான். செரட்டை, செரட்டையா எடுக்கணும்.’’ வாத்தியார் என்னைப் பார்த்தார். தனுஷ்கோடியில் எடுத்த பாடம்.

டிரைவர் தம்பி ஒன்றும் பேசாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, குத்தவைத்து உட்கார்ந்து மொள்ள ஆரம்பித்துவிட்டான். ‘‘நீ ஏறுடா’’ என்று ஆத்தா அதட்டினாள். அவன் ஏறவில்லை. பிறகு மேனேஜர் இறங்கினான். அந்த உடம்பை மடக்கி அவன் குத்தவைப்பதற்குள் குழியில் பாதி மணல் சரிந்தது. ஒரு சிரட்டை மொண்டால் வாளிக்கு எட்ட வேண்டும், வாளியைத் தூக்கி அப்பால் தள்ளிப் போய்ச் சாய்க்க வேண்டும். அது என் வேலை, சிங்கப்பூர் வேலை. மூணு வாளி எடுத்தால் குழி வற்றிவிடும். அப்புறம் காத்திருக்க வேண்டும். பக்கவாட்டு மணலிலிருந்து தண்ணீர் வியர்வை மாதிரி கசியும். உற்றுப் பார்த்தால்தான் கசிவது தெரியும். ஒரு சிரட்டை ஊறுவதற்குள் ஒரு பீடி குடித்துவிடலாம்.

காத்திருந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன். வெள்ளாமைக்கும் மழைக்கும் தகுந்தபடி ஒரு குடம் நிறைய அரை மணியும் ஆகுமாம், பங்குனி சித்திரையில் இரண்டு மணி நேரமும் ஆகுமாம். அந்தக் கற்களும் செருப்பும் வரிசையில் இடம் போட்டு வைத்தவை. உடைந்த குடத்துக் கழுத்து ஆத்தாவுடையது. ‘‘முப்பது வருசமா அதுதான் என் எடம். கொடம் நாலஞ்சு மாறிப்போச்சு’’ என்றாள். டிராக்டரில் தண்ணீர் வரும், குடம் இரண்டு ரூபாய், வந்தால் வந்தது. ‘‘இந்த ஊருக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கிறாக தம்பி. மாப்பிள்ளை பாக்க வர்றவுக மொதல்ல வீட்டப் பாக்க மாட்டாக, கொடத்ததான் எண்ணுவாக.’’ இதையெல்லாம் குறை சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. வாடைக்காற்று போய்க் கச்சான் காற்று வரும் என்பது மாதிரி சொன்னாள். அந்த மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-ல்தான் வந்தது.

நடுநடுவே ஆத்தா ஒரு சிரட்டைத் தண்ணீரை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். நாக்கில் விட்டுத் துப்புவாள். ‘‘இன்னும் மணக்குது.’’ மறுபடி இறைப்போம். கிழக்கே வெளுத்தது. வத்தைகள் கடலுக்குள் போவது தெரிந்தது. ஆம்பளைகள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை, பெண்கள் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் எங்கள் கதை வேறு. வெயில் ஏறி எட்டு மணி வாக்கில் அவள் ஒரு வாய் விழுங்கினாள். நாங்கள் நாலு பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘‘நாளைக்குச் சரியாப்போகும். போயி பொழப்பப் பாருங்க’’ என்றாள்.

அன்றைய தண்ணீருக்கு அவர்கள் இன்னொரு ஊற்றுக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். எங்களிடம் மிச்சமிருந்த கேனை எடுத்து வந்தோம். ஒரு குடம் நிறைந்தது. இன்னொன்றில் கால்வாசி. வரிசையில் முதல் இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஆத்தா வாங்கிக்கொள்ளவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்தாள்.

வேம்பார் வரும் வரை வண்டியில் யாரும் பேசவில்லை. முன் சீட் எப்போதும் என்னுடையது. அன்று மேனேஜர் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, ‘‘தம்பி, கல்யாணம் ஆயிடுச்சா?’’ என்றான். ‘‘இல்ல சார்.’’ இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, ‘‘கூடப் பிறந்தவங்க?’’ ‘‘ரெண்டு தங்கச்சி சார்.’’ மன்னிப்புக் கேட்பதற்கு அவன் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. வேம்பாரில் கருப்பட்டி வாங்கினோம். தம்பிக்கும் ஒரு சிப்பம் வாங்கி மேனேஜர் நீட்டினான். ‘‘எங்க ஊர்லயே கெடைக்கும் சார்’’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கிடைக்கும் என்பது உண்மைதான்.

தூத்துக்குடியில் லாட்ஜில் தங்கினோம். அறைக் குழாயைத் திறந்துவிட்டு, சிங்கப்பூர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தான். குளித்த மாதிரி சத்தம் கேட்கவில்லை. அப்புறம் நாங்கள் கூடாரத்தை விரிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று, மேலே திருச்சிலுவைக் கோயில், கீழே குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தக் குகையில் தங்கியதாகச் சொல்கிறார்கள். குகைக்குள் ஒரு சின்னக் கிணறு. அலை அடிக்கிற இடத்தில், பாறைக்குள், நல்ல தண்ணீர். அங்கே வந்திருந்த ஒரு அம்மா மொண்டு ஒரு டம்ளரை நீட்டினார். அது மேனேஜர் கைக்குத்தான் முதலில் வந்தது. அவன் வாயில் வைக்கப் போனவன், திரும்பி, தம்பியிடம் கொடுத்தான். தம்பி அண்ணாந்து, பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவனிடமே நீட்டினான். மேனேஜர் ஒரு சொட்டு கீழே சிந்தாமல் குடித்தான். வாத்தியார் இந்தத் தடவை வகுப்பெடுக்கவில்லை.

சாயந்திரம் திருநெல்வேலி ஜங்ஷன். எங்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். ஸ்டேஷன் வாசலில் நின்று மேனேஜர் நோட்டைத் திறந்து கணக்குப் பார்த்தான். வாடகை, டீசல், டிரைவர் பேட்டா ஐந்து நாள். அதன்மேல் அந்த ஐந்நூறு ரூபாயையும் வைத்துக் கொடுத்தான். ஆத்தா வாங்காத அதே தாள்தான். தம்பி எண்ணிப் பார்த்தான். ஐந்நூறைத் தனியாக எடுத்து நோட்டின்மேல் வைத்தான்.

‘‘இது கூட இருக்கு சார்.’’

‘‘வச்சுக்கப்பா.’’

‘‘வேணாம் சார்.’’ சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டான். கொஞ்சம் தயங்கினான். ‘‘அந்த ரெண்டு காலிக் கேனு பின்னாடி கெடக்குல்ல சார். ஒங்களுக்கு வேணாம்னா...’’

‘‘எடுத்துக்க, எடுத்துக்க’’ என்றோம், நாலு பேரும் ஒரே நேரத்தில்.

‘‘அம்மாவுக்கு ஆகும். சாயல்குடி வழியாவே போயி வீட்ல குடுத்துட்டு மதுரைக்குப் போயிர்றேன். சுத்துதான். அந்த டீசலுக்கு நான் போட்டுக்குறேன் சார்.’’

மேனேஜர் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தம்பி வண்டியின் பின்கதவைத் திறந்து, கேன்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தான். ஒன்றின் அடியில் ஒரு மடக்கு தண்ணீர் மிச்சமிருந்தது. மூடியைத் திறந்து அதைக் குடித்துவிட்டு, உருளாமலிருக்க இரண்டையும் கயிறு போட்டுச் சேர்த்துக் கட்டினான்.